நீலச் சூரியன்

என் கையெழுத்து நன்றாக இருக்கும். இதை நானே சொல்லிக்கொள்வது சரியில்லைதான். ஆனால் நடந்த வம்பெல்லாம் அதிலிருந்துதான் ஆரம்பித்தது. அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

என் பெயர் சைத்ரா. ஏழாம் வகுப்பு படிக்கிறேன். கோவை ஆர்.எஸ்.புரத்தில் ஓர் அரங்கத்தில் பள்ளி மாணவர்களுக்கான நாடக விழா நடந்தது. ஆறு பள்ளிகள் வந்திருந்தன. ஒவ்வொரு பள்ளியும் தன் நாடகத்தைச் சனிக்கிழமை ஒரு தடவை, ஞாயிற்றுக்கிழமை ஒரு தடவை போட வேண்டும். சனிக்கிழமை பார்ப்பவர்கள் மற்ற பள்ளிக்காரர்கள். ஞாயிற்றுக்கிழமை பெற்றோர்கள். நடிப்பு, பாட்டு, விளக்கு எல்லாவற்றையும் மாணவர்களே செய்ய வேண்டும் என்பது விதி.

எங்கள் பள்ளிக்கு விளக்கு போடுவது நான். என் வகுப்புப் பையன் ரித்விக் பக்கத்தில் உட்கார்ந்து, எந்த வசனத்துக்கு எந்த விளக்கு என்று எழுதிய பேப்பரைப் படிப்பான். அவன் படிக்கப் படிக்க நான் போடுவேன்.

லைட் ரூம் அரங்கத்தின் பின்பக்கம் மாடியில் இருந்தது. அங்கே மேசை மேல் ஒரு போர்டு. அதில் வரிசையாகப் பன்னிரண்டு ஃபேடர்கள். ஃபேடரை மேலே தள்ளினால் மேடையில் ஒரு விளக்கு எரியும். கீழே இழுத்தால் மெல்ல மங்கும்.

ஆனால் எந்த ஃபேடருக்கு எந்த விளக்கு என்பது பள்ளிக்குப் பள்ளி மாறும். ஒவ்வொரு நாடகத்துக்கு முன்பும் அரங்கத்து லைட்காரர் ஆறுச்சாமி அண்ணன் மேடைக்குப் பின்னால் போய், அந்தப் பள்ளி கொடுத்த லிஸ்ட்டைப் பார்த்து ஒயர்களை மாற்றிச் செருகுவார். அதனால் ஒவ்வொரு குழுவும் ஃபேடர்களுக்குக் கீழே வெள்ளை டேப் ஒட்டி, அதில் தன் விளக்குகளின் பெயரை எழுதிக்கொள்ளும். நாடகம் முடிந்ததும் பிய்த்துவிடும்.

"முடிஞ்சதும் டேப்பப் பிச்சுருங்க அம்மணி. மறந்துபோட்டுப் போயிராதீங்க" என்று ஆறுச்சாமி அண்ணன் என்னிடம் மூன்று தடவை சொன்னார்.

"ஒரு டேப்புக்கு இத்தனை தடவையா?" என்று நான் ரித்விக்கிடம் சிரித்தேன்.

என் டேப்பை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்! நான்கு கலர் ஸ்கெட்ச் பேனாவில் எழுதியிருந்தேன். நாலாம் ஃபேடருக்குக் கீழே 'சூரியன்' என்று எழுதி, சிரிக்கிற சூரியன் படமும் போட்டிருந்தேன். ஏழாம் ஃபேடருக்குக் கீழே 'நிலா', அதாவது இரவுக்கான நீல விளக்கு. அதற்கு ஒரு குட்டி நிலா. அதன் கன்னத்தில் குழி வேறு.

சனிக்கிழமை எங்கள் நாடகம் ஐந்தாவது. கொசு ராஜாவுக்குக் கல்யாணம் என்று ஒரு சிரிப்பு நாடகம். ஒரு விளக்குகூடத் தப்பவில்லை. கைதட்டல் மாடி வரைக்கும் கேட்டது.

"டேப்பைப் பிச்சிரலாமா?" என்று ரித்விக் கேட்டான்.

எனக்கு மனசே வரவில்லை. "இரு, நம்ம கிருபாசங்கர் சார் வந்து பாக்கட்டும். அப்புறம் பிச்சுக்கலாம். இப்ப போட்டோ எடுக்கறாங்க, வா" என்றேன்.

மறக்கவில்லை. தெரிந்தேதான் விட்டுவிட்டு ஓடினேன். கீழே போட்டோ எடுத்தார்கள். பிறகு ஐஸ்கிரீம் கொடுத்தார்கள். அதற்கப்புறம் நிஜமாகவே மறந்துவிட்டேன்.

ஆறாவதாக வந்தது காங்கேயம் பக்கத்து அரசுப் பள்ளி. சூலூரில் பஸ் பஞ்சராகி, வியர்த்துப்போய், மேக்கப் போட்டுக்கொண்டே வந்து சேர்ந்தார்கள். தொலைந்துபோன ஒரு மயிலைக் காளையைப் பற்றிய நாடகம். வெள்ளைத் துணிக்குள் இரண்டு பிள்ளைகள் நுழைந்து காளையாக நின்றார்கள். கொம்பு அட்டகாசம்!

நான் ஐஸ்கிரீமோடு மூன்றாம் வரிசையில் உட்கார்ந்து பார்த்தேன்.

"அப்பனே, விடிஞ்சுபோச்சு! வெயில் கண்ணைக் கூசுதே!" என்று ஒரு பெண் கூவினாள். மேடை முழுக்க நீலமாகிவிட்டது.

கொஞ்சம் பேர் சிரித்தார்கள்.

அடுத்த காட்சி இரவு. காளையைத் திருட ஒரு திருடன் பூனை மாதிரி அடியெடுத்து வந்தான். மேடையில் உச்சிவெயில் அடித்தது. திருடன் பாவம், மனப்பாடம் செய்ததைச் சொன்னான். "அடேயப்பா, என்ன இருட்டு! என் கையே எனக்குத் தெரியலையே!"

அரங்கமே வெடித்துச் சிரித்தது. நானும் சிரித்தேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன்.

விளக்கு படபடவென்று மாறியது. மஞ்சள், நீலம், இருட்டு, மறுபடி மஞ்சள். மாடியில் யாரோ எந்த ஃபேடர் என்று தேடித் தவிக்கிறார்கள் என்று புரிந்தது.

சூரியன் கேட்டால் நிலா வருகிறது. நிலா கேட்டால் சூரியன் வருகிறது.

ஐஸ்கிரீமைப் பக்கத்து நாற்காலியில் வைத்தேன். அவர்களுக்கு நாலும் ஏழும் இடம் மாறியிருக்க வேண்டும். என் டேப்!

நாடகம் முடிந்ததும் நான் மாடிப்படி ஏறி ஓடினேன். போய்ச் சேர்ந்தபோது லைட் ரூமில் யாரும் இல்லை. போர்டின் மேல் என் சூரியன் மட்டும் சிரித்துக்கொண்டிருந்தது.

அப்போதே கீழே போய் உண்மையைச் சொல்லியிருக்கலாம். நான் என்ன செய்தேன் தெரியுமா? டேப்பைச் சர்ரென்று பிய்த்து, பைக்குள் திணித்துக்கொண்டேன். 'டேப்பைப் பிய்க்கத்தானே சொன்னார்கள், பிய்த்துவிட்டேன்' என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

கீழே மேடை ஓரத்தில் அந்தக் குழு நின்றது. என் வயசுப் பெண் ஒருத்தி அழுதுகொண்டிருந்தாள். அவள்தான் விளக்கு போட்டவள். பெயர் நித்யஸ்ரீ.

"பேரெல்லாம் எழுதி ஒட்டியிருந்துச்சுங்க டீச்சர். நம்ம அனுப்புன லிஸ்ட்டப் பாத்து இங்க இருக்கறவங்களே எழுதி வெச்சிருக்காங்கன்னு நெனச்சேனுங்க. அதான் நம்ம டேப்ப ஒட்டல. சூரியன் படங்கூட இருந்துச்சுங்க. அவ்ளோ அழகா!"

அழகா என்று அவள் சொன்னதும் எனக்கு உடம்பே கூசியது.

அவர்களுடைய சாந்தாமணி டீச்சர் ஆறுச்சாமி அண்ணனைப் பார்த்தார். அண்ணன் மாடிக்குப் போய்ப் பார்த்துவிட்டு இறங்கி வந்தார். "டேப்பே இல்லீங்களே டீச்சர். போர்டு வெறுசாக் கெடக்குது."

"தப்புப் பண்ணிப்போட்டு, சூரியன் சிரிச்சுது, நிலா சிரிச்சுதுன்னு கதை உடறா" என்றான் ஒரு பையன். அவன் பெயர் தம்பிதுரை. காளையின் பின்னங்கால் அவன்தான். துணிக்குள்ளேயே இருந்ததில் தலைமுடி எல்லாம் நட்டுக்கொண்டு நின்றது.

"நெசமாலுமே இருந்துச்சுங்க டீச்சர்!"

சாந்தாமணி டீச்சர் திட்டவில்லை. "உடு கண்ணு. நாளைக்கு லைட்டத் தம்பிதுரை போடட்டும். நீ பின்னங்காலா நின்னுக்கோ. பொய் மட்டும் சொல்லாத" என்றார்.

நித்யஸ்ரீ காளைத் துணியை எடுத்து மடிக்க ஆரம்பித்தாள். நான் நான்கடி தூரத்தில் நின்றேன். டேப் என் பைக்குள் இருந்தது.

வீட்டுக்குப் போகும்போது அம்மா ஸ்கூட்டரில் கேட்டார். "உன் டேப்பைக் காட்டறேன்னு சொன்னியே சைத்ரா?"

"பிச்சுட்டோம்மா."

"அச்சச்சோ, போட்டோவாவது எடுத்திருக்கலாமே!"

நான் அம்மாவின் முதுகில் முகத்தை வைத்துக்கொண்டேன். அம்மாவுக்கு நான் தூங்கிவிழுகிறேன் என்று நினைப்பு. எனக்கு என்னைப் பார்க்கவே பிடிக்கவில்லை. அந்தப் பெண் பொய் சொல்லவில்லை என்று தெரிந்த ஒரே ஆள் நான். இன்றைக்கு முழுக்கப் பொய் சொன்ன ஒரே ஆளும் நான்தான்.

ஞாயிற்றுக்கிழமை வரிசை தலைகீழ். காங்கேயம் குழுதான் முதல். நான் ஒரு மணி நேரம் முன்னாலேயே போய் வாசலில் நின்றேன். நித்யஸ்ரீ காளைத் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு பஸ்ஸிலிருந்து இறங்கினாள்.

"ஏங்க, ஒரு நிமிஷம்" என்று அவளைத் தனியாகக் கூப்பிட்டேன். பையிலிருந்து டேப்பை எடுத்துக் காட்டினேன். கசங்கிச் சுருண்டு, தூசி ஒட்டிக் கிடந்தது. ஆனால் சூரியன் தெரிந்தது.

"இது என்னோடது. பிய்க்காம விட்டதும் நான்தான். அப்புறம் ஒளிச்சு வெச்சதும் நான்தான். மன்னிச்சிருங்க."

அவள் டேப்பையே பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். கோபமாகத்தான் பார்த்தாள்.

"எங்கிட்டச் சொல்லி என்ன பண்றதுங்க? டேப் இருந்துச்சுன்னு எனக்குத்தான் முன்னாடியே தெரியுமே. நேத்து ஊடு போய்ச் சேர்ற வரைக்கும் பஸ்ஸுல எல்லாரும் என்னயப் பொய்க்காரின்னு சொன்னாங்க. அவங்ககிட்டச் சொல்லுங்க."

அவள் சொன்னது நியாயம். நான் தனியாகச் சொல்லித் தப்பிக்கப் பார்த்தேன்.

அரங்கத்துக்குள் எல்லோரும் இருந்தார்கள். சாந்தாமணி டீச்சர், தம்பிதுரை, திருடன், ஆறுச்சாமி அண்ணன். எங்கள் கிருபாசங்கர் சாரும் வந்துவிட்டார். இருந்தாலும் சொன்னேன். முதலில் மெதுவாகச் சொன்னதில் யாருக்கும் கேட்கவில்லை. அதனால் அந்த அசிங்கத்தை இரண்டாம் தடவையும் சொல்ல வேண்டியதாகிவிட்டது.

சாந்தாமணி டீச்சர் என் தோளில் கை வைத்தார். "நீ நல்ல புள்ள கண்ணு. அவ அழுததப் பாத்து, பழிய உம் மேல போட்டுக்கறயாக்கும்? வேண்டாஞ்சாமி."

நான் இதை எதிர்பார்க்கவே இல்லை. திட்டு வாங்க வந்தேன், பாராட்டு கிடைக்கிறது! பேசாமல் தலையாட்டிவிட்டால் நான் நல்ல பிள்ளை ஆகிவிடுவேன். நித்யஸ்ரீ பொய்க்காரியாகவே இருப்பாள்.

அப்போதுதான் அது தோன்றியது. "அண்ணா, நேத்து இவங்க நாடகத்துக்கு அப்புறம் ஒயரை மாத்தினீங்களா?" என்று கேட்டேன்.

"இல்லீங்க அம்மணி. இன்னைக்கு மொதல் நாடகமே இவங்களதுதான? அப்படியேதான் இருக்குது."

"எல்லாரும் மேடையைப் பாத்துட்டே இருங்க. டீச்சர், நீங்க மட்டும் என்கூட வாங்க."

மாடிக்கு ஓடினேன். டேப்பை நீவி, போர்டில் பழைய இடத்திலேயே ஒட்டினேன். டீச்சர் மூச்சு வாங்க வந்து சேர்ந்தார். என் எழுத்தைக் குனிந்து பார்த்தார்.

"இப்ப சூரியன் படத்துக்கு மேல இருக்கிறதைத் தள்ளுங்க டீச்சர்."

டீச்சர் நாலாம் ஃபேடரைத் தள்ளினார். மேடை முழுக்க நீலம்.

கீழிருந்து தம்பிதுரையின் குரல் கேட்டது. "அட, ஆமா! சூரியன் நீலமா வருது!"

டீச்சர் வேகமாகக் கீழே போய், நித்யஸ்ரீயின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "நான் உன்னய நம்பாமப் போயிட்டேன் சாமி. லைட் உன்னோடதுதான்." நித்யஸ்ரீ மறுபடி அழுதாள். இது வேறு அழுகை.

"அப்ப நான் மறுக்காவும் பின்னங்காலா?" என்று தம்பிதுரை பெருமூச்சு விட்டான்.

கிருபாசங்கர் சார் என்னருகில் வந்தார். "இன்னைக்கு நம்ம நாடகத்துக்கு ரித்விக் லைட் போடட்டும். நீ பேப்பர் படி."

"சரிங்க சார்" என்றேன். வலித்தது. ஆனால் அநியாயம் என்று சொல்ல முடியவில்லை.

நித்யஸ்ரீ லைட் ரூமுக்கு ஏறினாள். நானும் பின்னாலேயே போனேன். அவள் தன் டேப்பை ஒட்டி, பெயர்களைக் கொட்டை எழுத்தில் எழுதினாள். படம் எதுவும் போடவில்லை.

"உங்களுக்குப் பேப்பர் படிக்க ஆள் இல்லையே. நான் படிக்கட்டுங்களா?"

அவள் யோசித்தாள். "படிங்க. ஆனா போர்டத் தொடக் கூடாதுங்க."

"தொட மாட்டேன்." இரண்டு கைகளையும் தொடைக்குக் கீழே வைத்து உட்கார்ந்துகொண்டேன். பேப்பர் புரட்ட மட்டும் ஒரு கையை எடுப்பேன்.

நாடகம் ஆரம்பித்தது. நான் படித்தேன். அவள் போட்டாள். விடியற்காலை வந்தபோது வெயிலைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினாள். காளையின் கொம்பு முதலில் தெரிந்தது, பிறகு முதுகு, பிறகு தம்பிதுரையின் செருப்பு. நான்கூட அவ்வளவு அழகாகப் போட்டதில்லை.

இரவுக் காட்சியில் திருடன் நீல இருட்டில் வந்தான். "அடேயப்பா, என்ன இருட்டு!" என்றான். ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. முன்வரிசையில் ஒரு குட்டிப் பையன் மட்டும் "அம்மா, திருடன் வாரான்! காளைகிட்டச் சொல்லு!" என்று கத்தினான்.

நித்யஸ்ரீ என்னைப் பார்த்துச் சிரித்தாள். உடனே நினைவு வந்தது போல முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

முடிந்ததும் ஒரே கைதட்டல். நடித்தவர்கள் வரிசையாகக் கும்பிட்டார்கள். காளை இரண்டாகப் பிரிந்து கும்பிட்டது. சாந்தாமணி டீச்சர் மைக்கைப் பிடித்தார். "ஏனுங்க, எல்லாரும் கொஞ்சம் பொறுங்க. இத்தனை லைட்டும் போட்டது எங்க நித்யஸ்ரீங்க. மேடைக்கு வா கண்ணு!"

நித்யஸ்ரீ எழுந்தாள். நின்றாள். போர்டைப் பார்த்தாள். மேடையில் மங்கலான நீலம்தான் இருந்தது. அவள் கீழே போய்விட்டால் விளக்கை ஏற்ற யாரும் இல்லை.

நான் ஒன்றும் கேட்கவில்லை. கேட்க எனக்கு என்ன யோக்கியதை? கைகளைத் தொடைக்குக் கீழேயே வைத்திருந்தேன்.

அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். கீழே கைதட்டல் குறைய ஆரம்பித்தது.

"நடுவுல இருக்கற வெள்ளை, ரெண்டாம் நம்பருங்க" என்றாள். "நான் போய் நின்னதும் ஏத்துங்க. மெதுவா."

அவள் படியிறங்கி ஓடும் சத்தம் கேட்டது. நான் இரண்டாம் ஃபேடரில் விரலை வைத்தேன். நம்பரை மூன்று தடவை படித்துப் பார்த்தேன்.

நித்யஸ்ரீ நடுமேடையில் வந்து நின்றாள். நான் மெதுவாக ஏற்றினேன். வெள்ளை வெளிச்சம் சரியாக அவள் முகத்தில் விழுந்தது. அவள் கண் கூசி, ஒரு கையை நெற்றியில் வைத்துக்கொண்டு, மாடியைப் பார்த்தாள். கைதட்டல் நிற்கும் வரைக்கும் நான் அந்த விரலை எடுக்கவே இல்லை.