வலப்பக்கத்து இடம்

இதனால் சகல ஜனங்களுக்கும் அறிவிக்கப்படுவது: போடிநாயக்கனூரின் நெடிய வரலாற்றில் முதல்முறையாக ஒரு நாய்க்குப் பொன்னாடை போர்த்தப்பட்டது. பார்வையற்ற முத்துப்பேச்சிக்கு வழிகாட்டி நாய் வழங்கும் விழாவில் சங்கத் தலைவர் முக்கால் மணி நேரம் பேசினார். 'இருளில் ஒரு விளக்கு' ஒன்பது முறை வந்தது. முத்துப்பேச்சி எண்ணினாள், வேறு சோலி இல்லை. ரூபி என்கிற அந்த லாப்ரடார் பொன்னாடையை மேடையிலேயே உதறிப் போட்டது. விழாவில் விவரமாக நடந்துகொண்டது அது ஒன்றுதான்.

நாலாவது வாரம், ஒரு திங்கட்கிழமை, பிசகு தொடங்கியது.

ரூபி எப்போதும் இடப்பக்கம் வரும். அதன் முதுகுப்பட்டைக் கைப்பிடி முத்துப்பேச்சியின் இடக்கையில். எதிரே தூணோ சைக்கிளோ இருந்தால் தனக்கும் அவளுக்குமாக இடம் பார்த்து விலகும். அந்த விலகல் கைப்பிடி வழியே மணிக்கட்டுக்கு வந்துவிடும். அன்று ஏலக்காய் தரம் பிரிக்கும் கூடத்துக்குப் போகிற ஒடுங்கிய சந்தின் வாயில் அது நின்றுவிட்டது. மூன்று வாரமாகப் போய்வந்த சந்து. இழுத்தாலும் அசையவில்லை. பிறகு ஜீப்புகள் உறுமும் பெரிய தெருவழியாக, இடப்புறச் சுவரை உரசிக்கொண்டு அவளைக் கூட்டிப்போனது. அவளுக்கு வலப்பக்கம், சரியாக ஓர் ஆள் அகலத்துக்கு இடம் விட்டு.

பதினோரு வருடம் அந்த வலப்பக்கத்தில் நடந்தவள் அன்னக்கொடி. கூடத்தில் ஒரு தட்டுக்கு இரண்டு பேர்; இவளுக்குச் சோடி அவள். தினமும் கையைப் பிடித்துக் கூட்டிவருவாள். நாய் வந்ததும், "இனி நான் எதுக்குடி? எனக்கு எவனாச்சும் சால்வை போட்டானா?" என்று சிரித்துவிட்டு, ஏலத்தோட்டத்தில் காயெடுக்க மலைக்கு ஜீப்பேறிவிட்டாள். அதன்பின் போனை எடுக்கவே இல்லை.

எதிர் இடம் காலியாகக் கிடக்கையில் தட்டில் கைவைப்பது அந்தக் கூடத்தில் வழக்கமில்லை. வராத சோடியைப் பெயர் சொல்லி, "வா, வந்து உக்காரு" என்று ஒரு பேச்சுக்கு அழைத்துவிட்டுத்தான் காயைத் தொடுவார்கள். முத்துப்பேச்சியும் தினமும் அப்படித்தான் அழைத்துவந்தாள். அந்தத் திங்கட்கிழமைக்கு முந்தின சனிக்கிழமை மட்டும், அன்னக்கொடி மேலிருந்த கோபத்தில் பெயரை விட்டுவிட்டு, வெறுமே "வா, வந்து உக்காரு" என்றாள்.

பேய்க்கு நள்ளிரவு வேண்டும் என்பது கண்ணுள்ளவர்களின் மூடநம்பிக்கை. முத்துப்பேச்சிக்குப் பட்டப்பகலில், ஏலக்காய் நெடி மூக்கை அடைக்கும் கூடத்தில், நாற்பது பெண்களின் வளையல் சத்தத்துக்கு நடுவே, காற்றாடியின் காற்று வலக்கன்னத்தில் மட்டும் படாமல் போனது. அன்னக்கொடியின் வெற்றிலை வாசம் வரவில்லை. மழையில் அழுகிய இலைக்குவியலைக் கிளறியது போல ஒரு வாடை, நெருங்கி, காதோரம். வீட்டில் அடுப்படிக்குப் போகையில்கூட ரூபி வளைந்துதான் போனது. அன்னக்கொடி மலையில் செத்துவிட்டாள் என்று அவள் முடிவுகட்டினாள். பயத்தோடு கொஞ்சம் ஆறுதலும் இருந்தது. செத்தும் கையை விடாதவள்.

மாதாந்தரச் சோதனைக்கு ரூபியின் பயிற்சியாளர் ராம்பிரசாத் வந்தார்.

"சார், எங்கூட முன்னால ஒருத்தி வருவா. அந்தப் பழக்கத்துல ரூபி இடம் விடுமோ?"

"பழக்கமெல்லாம் கிடையாதும்மா. ஆள் இருந்தாத்தான் விடும். இல்லாத ஆளுக்கு விட்டுச்சுன்னா நாய்கிட்ட கோளாறு. நான் திரும்பக் கொண்டுபோகணும். ஏன், அப்படி விடுதா?"

"இல்ல சார். சும்மா கேட்டேன்."

நாய் போனால் மறுபடி யார் கையையாவது எதிர்பார்த்து வாசலில் நிற்க வேண்டும். அவள் நடந்தாள். பத்தடி பின்னால் அவருடைய செருப்புச் சத்தம். ரூபி சுவரோரம் ஒதுங்கியது. போன் அடித்தது. வலக்கையில் எடுத்தாள்.

"ஏ பேச்சி! போனு ஓடையில விழுந்துருச்சுடி. இன்னைக்குத்தான் வேற வாங்குனேன்."

"அக்கா... உசுரோடயா இருக்க?"

"அடிப்பாவி, கருமாதிக்குப் பந்தியே போட்டுட்டியா! நல்லாத்தான் இருக்கேன். ஆமா, பக்கத்துல யாருடி அது? இந்த மூச்சு வாங்குது. நாயா?"

ரூபி இடப்பக்கம் இருந்தது. மூச்சு வலப்பக்கம்.

அன்னக்கொடி இல்லை. அன்னக்கொடி மலையில்.

போனை இடுப்பில் செருகினாள். கை தொங்கியது. வெறும் கை. கத்தலாம். கத்தினால் நாய் போய்விடும். நாய் போய்விட்டால், வலப்பக்கத்தில் வருவது எங்கே நிற்கிறது என்று காட்டக்கூட ஆளில்லை.

ஈரம். உள்ளங்கையில்.

பிறகு விரல்கள். அவள் விரல்களுக்கு இடையில் நுழைந்தன. புறங்கையைச் சுற்றின. மணிக்கட்டைச் சுற்றின. இன்னும் ஒரு சுற்று. இன்னும் நீளம் மிச்சமிருந்தது.

பின்னால் ராம்பிரசாத்தின் பேனா தாளில் கிறுகிறுவென்று ஓடியது.

"பிரமாதம்மா! கையைப் பிடிச்சுட்டு வர்றாங்களே, அவங்களுக்கும் சேத்து அளவா இடம் விடுது."

ரூபி தேர்வில் தேறிவிட்டது.