யாருக்கும் தெரியாத பெயர்

கீச்... கீச்... கீச்...

மேஜைக்கு அடியில் இருந்த யூ.பி.எஸ். திடீரென்று அலறியதில் பிரபாவதியின் கையிலிருந்த டீ பாதி சேலையில் கொட்டியது. கரண்ட் போனால் மட்டும் கத்துகிற பெட்டி அது. கரண்ட் போகவில்லை. தலைக்கு மேல் மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. கீழே ஜூஸ் கடையில் மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தது. திண்டிவனம் பேருந்து நிலையத்தில் "செஞ்சி, செஞ்சி, செஞ்சி" என்று கூவும் குரல் அவளுடைய பிரவுசிங் சென்டரின் மாடி ஜன்னல் வரை ஏறி வந்தது.

"இன்னாம்மா உன் பொட்டி, பாம்பு வாயில மாட்டுன தவள மாதிரி கத்துது?" எதிர் நாற்காலியிலிருந்த வெங்கடாசலம் குனிந்து பார்த்தார். ஒலக்கூர்க்காரர். மல்லாட்டைப் பயிருக்கு இன்சூரன்ஸ் பதிய வந்திருந்தார்.

"பேட்டரி பேஜாரு பண்ணுதுண்ணா. நீங்க பாஸ்வேர்டு சொல்லுங்க."

"வெள்ளையம்மா ஒண்ணு ரெண்டு மூணு."

"பொண்டாட்டி பேரையா வைப்பாங்க? எவன் வேணா ரெண்டு நிமிசத்துல கண்டுபுடிச்சிடுவான். யாருக்கும் தெரியாத பேரா ஒண்ணு சொல்லுங்க."

"அப்பிடி ஒரு பேரு எங்கிட்ட இருந்துச்சின்னா உங்க அண்ணி என்ன வூட்டுக்குள்ள சேர்ப்பாளா?"

இருவரும் சிரித்தார்கள். அவர் ரசீதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு படியிறங்கிப் போனார். பெட்டி தானாகவே வாயை மூடிக்கொண்டது.

மணி நாலு இருபது.

இனி சொந்த வேலை. மகள் இளவரசிக்கு நர்சிங் கலந்தாய்வு. எந்தக் கல்லூரிகள் வேண்டும் என்ற பட்டியலை இன்று ஐந்து மணிக்குள் பூட்டியாக வேண்டும். பூட்டாவிட்டால் இந்த வருஷம் சீட் கிடையாது. காலையிலிருந்து ஊரார் பிள்ளைகளின் பட்டியலைப் பூட்டிக் கொடுத்ததில் பெற்ற பிள்ளையின் பட்டியல் கடைசிக்குத் தள்ளிப் போயிருந்தது.

இந்தக் கடைக்கு வருகிறவர்களுக்குக் கணக்கு தொடங்குவதும் பிரபாவதிதான், பாஸ்வேர்டு போடுவதும் அவள்தான். "நீயே எதனா போட்டுக்கோம்மா" என்பார்கள். அவளும் பிள்ளையின் பெயரைப் போட்டு, பின்னால் 123 சேர்த்து, நீளமான நோட்டில் எழுதிக்கொள்வாள். அடுத்தவருக்கு அத்தனை புத்தி சொல்கிறவள் தன் மகளுக்கும் அதையேதான் போட்டிருந்தாள்.

அடித்தாள்.

'தவறான கடவுச்சொல்.'

நிதானமாக மறுபடி அடித்தாள். அதே சிவப்பு வரி. பாஸ்வேர்டை மாற்றும் பக்கத்துக்குப் போய், வீட்டிலிருந்த மகளுக்குப் போன் போட்டாள்.

"ஓடிபி வந்துச்சாடி? ஜல்தி சொல்லு."

"வந்துக்கிதும்மா. நாலு, ஏழு, ஒண்ணு, ரெண்டு, ஒம்போது, மூணு." இளவரசி வாய் நிறைய எதையோ மென்றுகொண்டே சொன்னாள்.

"நீ எதுனா மாத்திக்கினு கெடந்தியா?"

"எனக்கு பாஸ்வேர்டே தெரியாது. ஊருக்கெல்லாம் நீதான சாவிக்காரி!"

பிரபாவதி இறந்துபோன கணவனின் பெயரைப் புதிய பாஸ்வேர்டாக அடித்தாள்.

'இந்தக் கடவுச்சொல் ஏற்கெனவே பயன்படுத்தப்பட்டது. வேறொன்றைத் தேர்வு செய்யவும்.'

கணக்குத் தொடங்கியே பத்து நாள்தான் ஆகிறது. அவளைத் தவிர யாரும் தொட்டதில்லை. குலதெய்வத்தின் பெயரை அடித்தாள். ஏற்கெனவே பயன்படுத்தப்பட்டது. பள்ளித் தோழி ரோஜாவின் பெயர். ஏற்கெனவே பயன்படுத்தப்பட்டது. கண்களை இறுக மூடிக்கொண்டு, பத்து விரல்களையும் விசைப்பலகை மேல் கன்னாபின்னாவென்று ஓட்டிவிட்டுக் கண்ணைத் திறந்தாள்.

ஏற்கெனவே பயன்படுத்தப்பட்டது.

அப்போதுதான் அந்தச் சத்தம் காதில் விழுந்தது. சுவரோரம், தூசு படியாமல் பிளாஸ்டிக் உறை மாட்டி மூடி வைத்திருந்த மூன்றாவது கம்ப்யூட்டர், மழைக்காலத்தில் மதர்போர்டு போன பிறகு ஒயரைக்கூடப் பிடுங்கிப் போட்டு யாரும் சீண்டாமல் கிடந்த கம்ப்யூட்டர், அதன் உறைக்கு அடியில் யாரோ சின்னச் சின்ன விரல்களால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி அழுத்துவதுபோல டக், டக், டக் என்று மெதுவாக ஒலித்துக்கொண்டிருந்தது.

எலி என்று சொல்லிக்கொண்டாள்.

அடுத்து அம்மாவின் பெயரைப் போடலாமா என்று யோசித்தாள். ஜெயம். ஆங்கிலத்தில் ஐந்து எழுத்து. அவள் விரல் இன்னும் அசையவில்லை. உறைக்கு அடியில் ஐந்து தடவை கேட்டது.

டக். டக். டக். டக். டக்.

அதையே அடித்தாள். இந்தத் தடவை சிவப்பு வரி கொஞ்சம் நீளமாக வந்தது.

'இந்தக் கடவுச்சொல் பதினேழு ஆண்டுகளுக்கு முன் பயன்படுத்தப்பட்டது.'

அந்த இணையதளத்துக்கே அத்தனை வயது இருக்காது. இளவரசிக்குத்தான் பதினேழு. புழுக்கமான அறைக்குள் எங்கிருந்தோ டெட்டால் வாடை கிளம்பியது. அதற்கு அடியில் ஈரத் துணியின் வாடை. அதற்கும் அடியில் புளித்த பால் வாடை. கீழே மிக்ஸி நின்றுபோயிருந்தது. செஞ்சி பஸ்காரனின் குரலும் இல்லை.

திரை தானாகப் பழைய பக்கத்துக்குத் தாவியது. நேரம் கடந்துவிட்டதாம். மறுபடி ஓடிபி. மறுபடி போன்.

மணி நாலு நாற்பத்தெட்டு.

"எம்மா..." இப்போது இளவரசி எதையும் மெல்லவில்லை. "நம்ம வூட்டுக்கு யார்னா வர்றேன்னு சொன்னாங்களா?"

"இல்லியே. இன்னாடி?"

"கொல்லப்பக்கம் யாரோ கதவ சொரண்டிக்கினே கீறாங்க."

"நாயா இருக்கும். தாப்பா போட்டுக்கினு உள்ளயே இரு. மொதல்ல நம்பரச் சொல்லு."

சொன்னாள். ஒவ்வொரு எண்ணுக்கும் இடையில் அந்தச் சுரண்டல் போனிலேயே கேட்டது. கடைசி எண்ணோடு தொடர்பு அறுந்தது.

ஐந்து மணிக்கு இன்னும் பத்து நிமிஷம். யாருக்கும் தெரியாத ஒரு பெயர் வேண்டும்.

பிரபாவதியிடம் ஒன்று இருந்தது.

விழுப்புரத்து ஆஸ்பத்திரியில் அவளுக்குப் பிறந்தவை இரண்டு. இளவரசி வீறிட்டு அழுதாள். பின்னால் வந்தவள் அழவும் இல்லை, கண்ணைத் திறக்கவும் இல்லை. பேர் வைக்காமல் புதைக்க வேண்டும், பேர் வைத்தால் அந்தப் பேரைப் பிடித்துக்கொண்டு திரும்பி வந்துவிடும் என்று மாமியார் கட்டிலருகே நின்று கண்டிப்பாகச் சொன்னாள். பேர் வைக்காமல்தான் புதைத்தார்கள். ஆனால் அன்றைக்கு, வார்டு விளக்கின் கீழ், ஒரு பக்க மார்பில் மட்டும் பால் குடிக்க ஆளில்லாமல் கட்டிக்கொண்டு வலித்தபோது, பிரபாவதி மனசுக்குள் ஒரு பேர் வைத்தாள். வாய்விட்டுச் சொன்னதில்லை. எழுதியதில்லை. கணவன் சாகும்வரை அவனுக்குத் தெரியாது.

அதை நினைத்தாள்.

சுவரோரம் ஒரு சத்தமும் இல்லை. உறைக்கு அடியில் இருந்தது எதுவோ, அழுத்துவதை நிறுத்திவிட்டுக் காத்திருந்தது.

இதுமட்டும் அதற்குத் தெரியவில்லை என்று பிரபாவதிக்குப் புரிந்தது. நிம்மதியில் மூச்சு வந்தது. அந்த நிம்மதியிலேயே, ஒவ்வொரு எழுத்தாக, முதன்முதலாக அந்தப் பெயரை எழுதினாள். மலர்விழி.

'கடவுச்சொல் வெற்றிகரமாக மாற்றப்பட்டது.'

பக்கம் திறந்தது. அவள் எதையும் தொடவில்லை.

'விருப்பப் பட்டியல் பூட்டப்பட்டது.'

அதற்குக் கீழே விண்ணப்பதாரர் பெயர். இளவரசி இல்லை.

மலர்விழி.

பக்கத்தில், பத்து நாளைக்கு முன் அவள் இளவரசிக்கு ஏற்றிய போட்டோ. அதே நீலச் சுடிதார். அதே இரட்டைச் சடை. அதே முகம். கண்கள் மட்டும் மூடியிருந்தன. தைத்ததுபோல மூடியிருந்தன. போட்டோவின் இமைகள் துடித்தன. ஒன்று பிரிந்தது. மற்றொன்றும். உள்ளே விழி இல்லை. ஈர மண்.

போனை எடுத்தாள். விரல் வழுக்கியது. மணி அடித்தது. ஒரு தடவை. இரண்டு தடவை. எடுத்தார்கள்.

சுரண்டல் நின்றிருந்தது. மூச்சு மட்டும் கேட்டது. பழக்கமில்லாத மூச்சு. இழுத்து, யோசித்து, விட்டது.

"இளவரசி! பேசுடி! இளவரசி!"

மகளின் குரல்தான். மகளின் அதே குரல்.

"அவ பதினேழு வருசம் இருந்தது போதும்மா... இனிமே நான் இருந்துக்கறேன்."