ப்ரென்ஹோம் மிக்ஸியைச் செய்த கை

கல்யாண மண்டபத்தில் சீர்வரிசை வந்து இறங்கியதும் மாப்பிள்ளை வீட்டுச் சித்தப்பா ஒருவர் ரேகைமானியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். டார்ச் லைட் அளவுக் கருவி அது. கிரைண்டர், மிக்ஸி, மின்விசிறி என்று ஒவ்வொன்றின் மேலும் மெதுவாக ஓட்டுவார். திரையில் வருகிற பெயரை மண்டபம் முழுக்கக் கேட்கும்படி படிப்பார்.

"இத்தாலி சாமான்னு சொன்னீங்க சம்பந்தி. சிங்காநல்லூர் தனபாக்கியம்னு வருதுங்களே!"

முதல் வருடம் இப்படிப் படித்தபோது பெண் வீட்டார் முகம் தொங்கிப்போனது. இப்போது தனபாக்கியம் என்று வந்தால்தான் முகம் மலர்கிறது. கோயம்புத்தூரில் யாரும் பிராண்டைப் பார்ப்பதில்லை, கையைத்தான் பார்க்கிறார்கள்.

சங்கதி ரொம்ப எளிமையானது. வார்னிஷும் பெயிண்டும் பசையும் காய்வதற்குள் தொட்ட விரலின் ரேகை, காய்ந்த பிறகு உள்ளேயே நூறு வருடம் கிடக்கும். ரேகைமானி பொருளைத் திறக்காமலே அதைப் படித்து, மக்கள் பதிவேட்டில் தேடி, செத்தவராக இருந்தாலும் பெயரைச் சொல்லிவிடும். அப்புறம் மெய்ப்பெயர்ச் சட்டம் வந்தது. எந்த வேலையில் எவர் ரேகை இருக்கிறதோ அந்த வேலையோடு அவர் பெயரைப் பொருளின் மேல் பொறிக்க வேண்டும். புதுசு, பழசு எல்லாவற்றுக்கும் இதே விதிதான்.

அந்தச் சட்டத்துக்காக ஆறு வருடம் செருப்புத் தேய நடந்தவள் கணபதிப் பகுதியில் மோட்டார் பட்டறை வைத்திருக்கும் கருணாம்பிகை. அவளுடைய அப்பா சென்னியப்பன்தான் பட்டறையை ஆரம்பித்தவர். நாற்பது வருடத்துக்கு முன்னால் தமிழ்நாட்டையே ஆட்டிவைத்த ப்ரென்ஹோம் மிக்ஸி அங்கேதான் தயாரானது. ப்ரென்ஹோம் ஐரோப்பியக் கம்பெனி. அனுப்பியது ஒரு வரைபடமும் பெட்டி பெட்டியாக ஸ்டிக்கரும்தான். அம்மியைத் தூக்கிப் போட்டுவிட்டு அந்த மிக்ஸியை வாங்கியவர்கள், "வெள்ளைக்காரன் சாமான், சும்மாவா?" என்று தட்டிக்கொடுத்தார்கள். சென்னியப்பன் அதைப் பக்கத்திலிருந்து கேட்டுவிட்டு, வாயைத் திறக்காமல் பஸ் ஏறி வந்திருக்கிறார். ஒப்பந்தம் அப்படி. தன் பெயர் ஒரு மிக்ஸியில்கூட இல்லாமலே போய்ச் சேர்ந்தார். மகளுக்கு அது ஆறவே இல்லை.

வெள்ளிக்கிழமை காலை மெய்ப்பெயர் ஆணையத்தில் ப்ரென்ஹோம் வழக்கின் கடைசி விசாரணை. வீடுகளிலிருந்து திரட்டிய இருநூறு பழைய மிக்ஸிகள் மேஜைகளில் வரிசையாக இருந்தன. கருணாம்பிகை பட்டுப்புடவை கட்டி வந்திருந்தாள். அவளுக்குப் பின்னால், அந்த நாளில் மிக்ஸி வேலை பார்த்த பட்டறைத் தெருப் பெண்கள் பதினான்கு பேரும் இரண்டு வேன் பிடித்து வந்து உட்கார்ந்திருந்தார்கள். முன்வரிசையில் ராசாமணி. எழுபது தாண்டியும் இன்னும் பட்டறைக்கு வந்து மோட்டாருக்குக் காயில், அதாவது செப்புக் கம்பிச் சுருள், சுற்றுகிறவள்.

ப்ரென்ஹோமின் வழக்கறிஞர் யதுநாத் எழுந்து, ஒரு மிக்ஸியைப் பிளந்து மோட்டாரைக் காட்டினார். செப்புக் கம்பிச் சுருள்கள் நூலால் இறுக்கிக் கட்டப்பட்டிருந்தன.

"இந்தக் கட்டைப் பாருங்கள். நாற்பது வருடம் ஆகியும் ஒரு இழை தளரவில்லை. பொறியியல் கல்லூரிகளில் இதை 'ப்ரென்ஹோம் முடிச்சு' என்றே பாடம் நடத்துகிறார்கள். இது ஐரோப்பிய ஆய்வுக்கூடத்தின் கண்டுபிடிப்பு. ஏதோ ஒரு பட்டறையின் வேலை அல்ல."

பின்னாலிருந்து குபீரென்று சிரிப்பு கிளம்பியது. ஆணையர் ஹபீபா பேகம் நிமிர்ந்து பார்த்தார்.

"யாரு சிரிச்சது?"

ராசாமணி எழுந்தாள். "மன்னிச்சுக்குங்க. அது பூக்கட்டற முடிச்சுங்க."

"என்னது?"

"மல்லிப்பூ கட்டுவமில்லீங்க, அந்த முடிச்சு. அந்தக் கம்பெனிக்காரன் படம் போட்டு ஒரு கட்டுச் சொல்லியிருந்தான். அது ரெண்டே நாள்ல தொளதொளன்னு ஆயிருச்சு. நாங்க பூக்கட்டற கையி. எங்களுக்குத் தெரிஞ்ச மாதிரி கட்டிப்போட்டோம். படத்துல இல்லாததைச் செஞ்சது தெரிஞ்சா வேலை போயிரும்னு யாருகிட்டயும் சொல்லலீங்க."

ஆணையர் நூல்கண்டு ஒன்றை வரவழைத்தார். ராசாமணி மூன்று விநாடியில் கட்டிக் காட்டினாள். மோட்டாரின் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அச்சு அசல் அதேதான். யதுநாத் உட்கார்ந்துவிட்டார். கருணாம்பிகைக்கு நெஞ்சு நிமிர்ந்தது. அத்தனை கல்லூரிகளும் எங்கள் தெருவின் பூ முடிச்சையா பாடம் நடத்தின! அவளுக்குக் கத்த வேண்டும்போல இருந்தது.

ரேகைமானிகள் இருநூறு மிக்ஸிகள் மேலும் ஓடின. பெயர்கள் பெரிய திரையில் ஏறின. ஐரோப்பிய விரல் ஒன்றுகூட இல்லை. காயில் சுற்றியவர், ராசாமணி. மோட்டார் பூட்டியவர், வெள்ளையம்மாள். கம்பி ஒட்டியவர், ஜெயசீலி. அந்தப் பதினான்கு பெயர்களே திரும்பத் திரும்ப வந்தன. ஒவ்வொரு பெயருக்கும் வேனில் வந்தவர்கள் விசில் அடித்தார்கள். ஆணையரும் தடுக்கவில்லை.

கருணாம்பிகை தன் அப்பாவின் பெயருக்காகக் காத்திருந்தாள். கடைசியில் வந்தது. இருநூறு மிக்ஸியிலும் வந்தது. ஒரே இடத்தில்தான், ப்ரென்ஹோம் ஸ்டிக்கருக்கு அடியில், பசையில்.

அவளுக்கு உடனே ஞாபகம் வந்துவிட்டது. ஸ்டிக்கர் ஒரு நூல் கோணினாலும் கம்பெனி மிக்ஸியைத் திருப்பி அனுப்பிவிடும். அதனால் அப்பா வேறு யாரையும் நம்பாமல், தானே கட்டைவிரலால் அழுத்தி ஒட்டுவார். அவருக்கு உரிமையில்லாத பெயரை அவ்வளவு நேர்த்தியாக ஒட்டியிருக்கிறார்.

"அம்மா, எங்கப்பா ஒவ்வொரு மோட்டாரையும் ஓட்டச் சொல்லி, காதால கேட்டுத்தான் வெளிய அனுப்புவாருங்க. சத்தம் பிசகுனா திரும்பப் பிரிக்கச் சொல்லுவாரு. ஆர்டர் புடிச்சதும் அவருதான். அவரில்லாம இதுல ஒண்ணுமே இல்லீங்க" என்றாள்.

ஹபீபா பேகம் சட்டப் புத்தகத்தைப் புரட்டினார். அவருக்கும் சங்கடமாகத்தான் இருந்தது.

"காதுக்கு ரேகை கிடையாதேம்மா. 'மேற்பார்வை, யோசனை, முதலீடு எதற்கும் பெயர் கிடையாது, கை பட்டால் மட்டுமே'ன்னு இருக்கு. கம்பெனிங்க தப்பிச்சிடக் கூடாதுன்னு இந்த வரியை எழுதிக் குடுத்ததே நீங்கதான்."

தீர்ப்பு அன்றே வந்தது. இனி ப்ரென்ஹோம் மிக்ஸி எங்கே இருந்தாலும் அதன் மேல் பதினான்கு பெண்களின் பெயர்கள் இருக்கும். முடிச்சுக்குக் கணபதிக் கட்டு என்று பெயர். கடைசி வரியில், 'பொய்ப்பெயர் ஒட்டியவர்: சென்னியப்பன்.' அந்தத் தலைப்பையும் ப்ரென்ஹோமை நாறடிப்பதற்காக அவளேதான் சட்டத்தில் சேர்க்க வைத்திருந்தாள்.

வேனில் திரும்பும்போது பெண்கள் பாட்டுப் பாடினார்கள். கருணாம்பிகை கொஞ்ச தூரம் அழுதாள். அப்புறம் அவளும் கைதட்டினாள். வெறும் ஒப்புக்கு இல்லை. தன் தெரு ஜெயித்திருக்கிறது, அந்தப் பெருமையில் அவளுக்கும் பங்கு இல்லையா? ஆனால் பட்டறை வாசலில் இறங்கி 'சென்னியப்பன் மோட்டார்ஸ், உரிமையாளர் கருணாம்பிகை' என்ற பலகையை நிமிர்ந்து பார்த்ததும் அவளுக்குச் சுருக்கென்றது. பதினெட்டு வருடமாக இங்கிருந்து போன மோட்டார்களில் அவள் விரல் ஒன்றில்கூட இல்லை.

திங்கட்கிழமை காலை ராசாமணிக்குப் பக்கத்து ஸ்டூலில் போய் உட்கார்ந்தாள்.

"அக்கா, எனக்கும் ஒரு காயில் குடுங்க."

மத்தியானம் வரை நாக்கைக் கடித்துக்கொண்டு சுற்றினாள். கட்டும்போது வார்னிஷ் ஈரம் காயாத நூல் விரலை இரண்டு இடத்தில் அறுத்தது. ஒருவழியாக முடித்து ராசாமணியிடம் நீட்டினாள்.

"சரியா இருக்காக்கா? தொளதொளன்னு இருந்தா நீங்களே ஒரு இழுப்பு இழுத்து இறுக்கிவிடுங்க."

பழைய நாளாக இருந்தால் ராசாமணி கேட்காமலே வாங்கி இறுக்கியிருப்பாள். இந்தத் தெருவில் ஒருத்தி கட்டு தளர்ந்தால் பக்கத்திலிருப்பவள் இறுக்கித் தருவதுதான் வழக்கம். இப்போது அவள் சட்டென்று இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய்விட்டாள். குனிந்து, கண்ணால் மட்டும் பார்த்தாள்.

"ஏனம்மிணி, இதுல என் விரல் பட்டா நூறு வருசத்துக்கு என் பேருதான நிக்கும்! அவுத்துட்டு நீயே கட்டு."