வரிசையில் நின்ற மூச்சு

பிளக்கைப் பிடுங்கி வைத்திருந்த மூச்சுக்கருவிக்குள் விசிறி ஓடிக்கொண்டிருந்தது.

கூடத்தில் கணினி முன் உட்கார்ந்திருந்தவன் முதலில் அதை மழைச்சத்தம் என்றுதான் நினைத்தான். மழை விட்டு வெகுநேரமாகியிருந்தது. மகளின் அறையிலிருந்து, கதவிடுக்கு வழியாக, சூடேறிய பிளாஸ்டிக் வாசனையும் அவள் தலைக்குத் தேய்த்த எண்ணெய் வாசனையும் கலந்து, மெல்ல மெல்ல வந்து, அவன் கழுத்தருகே நின்றன.

அந்தக் கருவிக்குப் புரோகிராம் எழுதியவனே அவன்தான். உள்ளே மூன்று வேலைகள். காற்றைத் தள்ளுவது, திரையில் கோடு வரைவது, ஆபத்தென்றால் அலாரம் அடிப்பது. முன்பெல்லாம் அவசர வேலை வந்தால் மற்றதை நிறுத்திவிட்டு முந்திக்கொள்ளும். அதனால் ஏகப்பட்ட குளறுபடி. இவன் எளிமையாக்கினான். தொடங்கியது முடியட்டும், மற்றது வரிசையில் நிற்கட்டும்.

"இவ்வளவுதானா? முன்னாடியே பண்ணியிருக்கலாமே" என்று மேலாளர் தட்டிக்கொடுத்தார். பெருமை பிடிபடாமல், வீட்டிலிருந்த மகளின் கருவியிலும் அதையே ஏற்றினான்.

ஒருநாள் மகளின் மாஸ்க்கிலிருந்து குழாய் கழன்றது. கோடு வரையும் வேலை நடுவில் சிக்கிக்கொள்ள, அதன் பின்னால் அலாரம் சமர்த்தாக நின்றது. மகள்தான் ஒருமுறை கூப்பிட்டாள். "இரு கண்ணு, முடிச்சிட்டு வரேன்" என்றான், தலையைத் தூக்காமலே. முடித்துவிட்டுப் போனபோது அவள் மூச்சு அடங்கியிருந்தது.

இப்போது அந்தத் தப்பைத்தான் திருத்திக்கொண்டிருந்தான். இனி யாருக்காக என்று கேட்டால் அழுகைதான் வரும்.

உள்ளே அலாரம் அடித்தது.

அன்று அடிக்காத அலாரம். அதன் முறை இப்போதுதான் வந்திருக்கிறது. அது ஓய்ந்ததும் அடுத்தது வந்தது.

"அப்பா."

பேயோ பிசாசோ, என் பிள்ளை. இந்தத் தடவை ஓடிவிட வேண்டும். எழப்பார்த்தான். விரல்கள் தட்டிக்கொண்டே இருந்தன. இழுத்தான். வரவில்லை. தொடங்கிய வேலை முடியவில்லை.

கதவு தானாக விலகியது. காலிக் கட்டில். தலையணையில் ஒரு பள்ளம். அதன்மேல் மாஸ்க். உள்ளே ஆவி படிந்தது, கலைந்தது, படிந்தது. குழாய் கீழே தொங்கியது.

"என்னங்க, பாப்பா கூப்பிடறா." சமையலறையில் மனைவியின் குரல் உடைந்தது. "நீங்க போங்க. எனக்குக் கை நிக்க மாட்டேங்குது." தேய்த்த தட்டையே அவள் திரும்பத் திரும்பத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்பா... மூச்சு..."

வந்துட்டேன்டா என்று கத்த வாயைத் திறந்தான். வேறு வந்தது.

"இரு கண்ணு, முடிச்சிட்டு வரேன்."

மாஸ்க்கில் ஆவி உள்ளங்கை அளவானது. பிறகு நகமளவு. அவன் பார்த்துக்கொண்டே தட்டினான்.