அளவு வாரம்

“தண்ணி குடுத்தா மாமாவுக்குத்தான் நோவுமாமே, நெசமா?”

சென்ற ஆண்டு ஒரு நான்கு வயதுக் குழந்தை அபிஷாவிடம் இப்படிக் கேட்டது. அவள் பதில் சொல்வதற்குள் தாய் அதை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்திக்கொண்டாள். குழந்தைப் பேச்சு என்று அபிஷா அன்று சிரித்தாள். இந்த ஆண்டு அதே ஒன்பதாம் மாடியில் லிஃப்ட் திறந்தபோது, வெள்ளிக்கிழமை நண்பகலிலும் வரிசையாக எல்லாக் கதவுகளும் சாத்தியே இருந்தன.

தூத்துக்குடி உப்பளங்களை ஒட்டி எழுந்த அந்தக் குடியிருப்பில் அது அளவு வாரம். உடல் இயலாமைக்காக உதவி பெறுவோர் ஆண்டுக்கு ஒரு வாரம் தேவைமானி அணிய வேண்டும். மணிக்கட்டில் ஒட்டிக்கொள்ளும் மெல்லிய பட்டை அது. தாகம், பசி, வலி மூன்றையும் உடம்பிலிருந்தே அறியும். அவை எப்போது தணிந்தன, இன்னொருவர் கை பட்டுத் தணிந்தனவா என்பதையும் பதியும். கேள்வித்தாள் கொண்டு கணக்கெடுத்த காலத்தில் மக்கள் கூச்சத்தால் குறையை மறைத்தார்கள். இந்தப் பட்டைக்குக் கூச்சம் கிடையாது. அதைக் கொண்டுவந்தவர்கள் நல்லவர்கள்தான். அபிஷாவும் அப்படித்தான் நம்பி இந்தக் கணக்கெடுப்பு வேலைக்கு வந்தாள்.

அவள் போனது லிங்கேஷின் வீட்டுக்கு. அவர் துறைமுகத்தில் பளுதூக்கி ஓட்டியவர். விழுந்ததில் கழுத்துக்குக் கீழே அசைவு போய்விட்டது; வலி மட்டும் தெரியும். கட்டிலில் கிடந்தபடியே அவளைப் பார்த்துச் சிரித்தார். உதடு வெடித்திருந்தது.

“வாங்க மேடம். போன வருசம் நீங்க குடுத்த கஞ்சி இன்னும் செமிக்கல.”

அபிஷாவுக்கு நினைவிருந்தது. பட்டையைச் சரிபார்க்க வந்தவள், ஆறிப்போன கஞ்சியைப் பார்த்துவிட்டு நாலு கரண்டி ஊட்டி வாயைத் துடைத்துவிட்டுப் போனாள்.

“ஏன் அண்ணாச்சி, ஒத்துக்கலையா?”

“நல்லா ஒத்துக்கிட்டுது. அவங்களுக்குத்தான் ஒத்துக்கல” என்று மணிக்கட்டிலிருந்த பட்டையைக் கண்ணால் காட்டினார்.

வாசலுக்கு வெளியே நின்றபடி, பக்கத்து வீட்டு மெர்சி பேசினாள். உள்ளே ஓர் அடி வைக்கவில்லை.

“கூலி வாங்காத கை ஒண்ணு பட்டுட்டாப் போதுமாம் மேடம், ‘உதவி கிடைக்கும் இடம்’னு எழுதிருமாம். சம்பளத்துக்கு வார ஆளு தினம் நாலு மணி நேரம் இருந்தது, ரெண்டாக் குறைச்சிட்டாவ. இந்தத் தடவையும் கை பட்டா அந்த ரெண்டும் போயிரும். அதான் ஒருத்தரும் எட்டிப் பாக்கல.”

“சும்மா இருங்கக்கா” என்றார் லிங்கேஷ். “அன்னைக்கு நெசமாவே பசிச்சுது.”

ஓர் ஆண்டாக அவருடைய உதவி நேரத்தில் பாதியைத் தின்றது தன் கரண்டிதான் என்று அபிஷாவிடம் யாரும் சொல்லவில்லை. அவர் புகார் எழுதவும் இல்லை. எழுதியிருந்தால் அவள் வேலை போயிருக்கும்.

“அதுல இன்னொரு கூத்து” என்றாள் மெர்சி. “இந்த மாடியில யாருக்கும் யார் மேலயும் அன்பு இல்லன்னு கணக்குல வந்துச்சாம். என்னை உக்கார வச்சு வகுப்பு எடுத்தாவ. அடுத்தவங்க வாயில டம்ளரை எப்படிப் பிடிக்கணும்னு படம் போட்டுக் காட்டுனாவ. பதினோரு வருசமா நாந்தான் இவருக்குப் பிடிக்கேன்.”

அவள் குரல் இறங்கியது. “போன வருசம் அளவு வாரம் முடிஞ்சும் நான் வரல மேடம். கதவைத் தொறக்கணும்னே தோணல. ரெண்டு நாள் கழிச்சுத்தான் நெனப்பு வந்துச்சு. நான் எப்படி இப்படி ஆனேன்னு எனக்கே தெரியல.”

லிங்கேஷ் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். போர்வை விலகிய இடத்தில், ஒரே நிலையில் கிடந்து கிடந்து இடுப்பில் விழுந்த புண் தெரிந்தது. அளவு வாரம் முடிய ஞாயிறு மாலை ஆகும்.

கணக்கெடுப்பவர்களிடம் மட்டும் இருக்கும் சாவியால் அபிஷா பட்டையைக் கழற்றினாள். அலுவலகக் குரலில் சொன்னாள்: “இதுல ஒரு கோளாறு தெரியுது அண்ணாச்சி. கொண்டுபோய்ப் பாத்துட்டு ஞாயித்துக்கிழமை சாயங்காலம் மாட்டிவிடுதேன்.”

“அதுவரைக்கும்?”

“அதுவரைக்கும் உங்களை யாரும் அளக்கல.”

அவள் லிஃப்டை அடையும் முன்பே மெர்சி வெந்நீரோடு உள்ளே போய்விட்டாள். இன்னொரு கதவு திறந்தது. ஒரு கதவு மட்டும் பாதி திறந்து, எதற்கென்று மறந்ததுபோல் அப்படியே நின்றது.

அபிஷா தனியாகக் குடியிருந்தாள். அறைக்குப் போய்த் தாழிட்டுப் பட்டையைத் தன் மணிக்கட்டில் ஒட்டிக்கொண்டாள். அது உடனே ஒட்டிக்கொண்டது. யாருடைய கை என்று கேட்கும் ஏற்பாடு அதில் இல்லை; லிங்கேஷின் பெயரிலேயே பதியத் தொடங்கியது. இன்னொருவரின் தேவையை ஒருவர் விரும்பிச் சுமப்பார் என்று அதை வடிவமைத்தவர்கள் எவரும் எண்ணிப் பார்க்கவில்லை.

பிறகு மல்லாந்து படுத்தாள். சம்பள ஆள் லிங்கேஷிடம் வரும் காலை இரண்டு மணி நேரம் மட்டும் எழுந்து உண்டாள், குடித்தாள். மற்ற நேரமெல்லாம் அசையவில்லை. சனிக்கிழமை பிற்பகலுக்குள் இடுப்பு எரியத் தொடங்கிவிட்டது. பொய் சொன்னோமே என்ற உறுத்தல் முதலில் இருந்தது. ஆனால் பதிவாவது பொய்யில்லை. வலியோடு ஓர் உடம்பு தனியாகக் கிடப்பது உண்மைதான். அது எந்த உடம்பு என்பது கர்த்தருக்கு மட்டும் தெரிந்தால் போதும்.

ஜெபிக்கத் தொடங்கினாள். தனக்கென்று எதைக் கேட்பது என்று தெரியவில்லை. ஒருபுறமாகத் திரும்பிப் படுத்தால் தீர்ந்துவிடும் வலி. திரும்புவதற்கு அவள் உடம்பில் எல்லா வலுவும் இருந்தது.

அவள் திரும்பவில்லை. பட்டையின் சிறு விளக்கு ஒருமுறை மின்னி, தேவை என்று பதிந்தது. உதவி என்ற இடத்தை வெறுமையாக விட்டது.