பெரியவரின் வட்டம்

பெரியவர் வீட்டுக்கு வந்த அன்றே அப்பாவுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது.

பெரியவர் என்பது ஒரு நாய். வயது பத்து. முகமெல்லாம் நரை. ஒரு காது நிமிர்ந்திருக்கும், இன்னொன்று தொங்கும். அந்த நரையைப் பார்த்ததும் "வா", "போ" என்று சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. அதனால் வீட்டில் எல்லோரும் "வாங்க", "சாப்பிடுங்க" என்றே பேசினார்கள்.

இந்த நாய்தான் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றவள் வீட்டு மகள் வாண்டு. நான்காம் வகுப்பு படிக்கிறாள்.

நாய்கள் காப்பகத்து அக்கா அவரைக் கொண்டுவந்து விட்டபோதே சொல்லிவிட்டார். "ஒம்பது வருஷம் ஒரு கிடங்குக்குப் பின்னாடி கட்டியே போட்டிருந்தாங்க. மூணு வாரம் உங்ககிட்ட இருக்கட்டும். நான் வந்து பாக்கும்போது இவரு தன் கால்ல நடந்து தெருவுக்கு வரணும். வரலேன்னா திரும்பக் கூட்டிட்டுப் போயிடுவேன். ஒட்டாத இடத்துல வயசானவரை வச்சிருக்கக் கூடாது, பாருங்க."

"அதெல்லாம் நடந்துடுவாரு!" என்றாள் வாண்டு.

பெரியவர் நடக்கவில்லை. அம்மா தையல் மெஷினுக்குப் பக்கத்தில் ஒரு பழைய போர்வையை விரித்தார். அதில் படுத்தவர் படுத்தவர்தான். கதவு திறந்தே இருந்தும் அறையைத் தாண்டவில்லை. தினமும் நான்கு முறை அப்பாதான் பின்பக்கத்துச் சந்துக்கு அவரைத் தூக்கிக்கொண்டு போனார். பெரியவர் இறக்கிவிட்ட இடத்திலேயே வேலையை முடித்துவிட்டு, "ம், தூக்கு" என்பது போல அப்பாவைப் பார்ப்பார்.

"அம்பது பேரை ஏத்திக்கிட்டு பஸ் ஓட்டறேன். ஒரு நாளும் இப்படி மூச்சு வாங்கினதில்ல" என்று அப்பா முனகினார்.

"மெதுவா சொல்லுங்க, அவரு காதுல விழப்போகுது" என்றார் அம்மா.

நான்காம் நாள், வாண்டு சாப்பாட்டுக் கிண்ணத்தைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டாள். பெரியவர் எழுந்து வந்தார். கிண்ணத்துக்கு ஒரு சாண் முன்னால் டக்கென்று நின்றார். கழுத்தை நீட்டினார். நாக்கை நீட்டினார். கால் மட்டும் நகரவில்லை.

வாண்டு கிண்ணத்தை இடப்பக்கம் வைத்தாள். அங்கேயும் அதே கதை. வலப்பக்கமும் அப்படியே. அவர் நின்ற இடங்களில் எல்லாம் அம்மாவின் சாக்கட்டியால் கோடு போட்டாள். கோடுகள் சேர்ந்து ஒரு வட்டமாயின. நடுவில் போர்வை.

அம்மாவின் கழுத்தில் தொங்கிய டேப்பை உருவி அளந்து பார்த்தாள்.

"அம்மா, இங்க பாரு! எந்தப் பக்கம் போனாலும் சரியா உன் டேப் நீளம்தான் போறாரு. அதுக்கு மேல ஒரு அங்குலம்கூட இல்ல."

அம்மா மெஷினை நிறுத்தினார். வாண்டு பெரியவரின் கழுத்தைப் பார்த்தாள். அங்கே முடியே முளைக்காத ஒரு வளையம் இருந்தது.

"சங்கிலி அவ்வளவு நீளம்தாம்மா இருந்திருக்கும். இன்னும் கட்டியிருக்குன்னே நெனச்சுட்டிருக்காரு."

சொல்லும்போதே வாண்டுவுக்கு அழுகை வந்துவிட்டது. கிண்ணம் இன்னும் எட்டாத தூரத்திலேயே இருந்ததால் பெரியவருக்கும் அழுகை வரும் போலிருந்தது.

அன்று மாலை வாண்டு போர்வையை ஒரு சாண் இழுத்தாள். பெரியவர் அதைச் சந்தேகமாகப் பார்த்தார். பிறகு வந்து அதிலேயே படுத்தார். வட்டமும் ஒரு சாண் நகர்ந்தது.

"வட்டத்தை விட்டு இவரு வரமாட்டாரு. அதனால வட்டத்தையே வாசலுக்குக் கொண்டு போயிடலாம்" என்றாள் வாண்டு.

அதன்பின் காலையில் ஒரு சாண், மாலையில் ஒரு சாண். அறைக் கதவைத் தாண்டி, பெரியவர் குளியலறை வாசலுக்கு வந்து சேர்ந்தார். அப்பா துண்டோடு அவரைத் தாண்டிக் குதிக்க வேண்டியதாயிற்று.

"கொஞ்சம் நகருங்க பெரியவரே, பஸ்ஸுக்கு நேரமாச்சு!"

"போர்வையில யாரும் கை வைக்கக் கூடாது!" என்று கத்தினாள் வாண்டு.

சமையலறை வாசலில் இருந்த இரண்டு நாளும் தட்டுகள் அவர் தலைக்கு மேலேதான் பயணம் செய்தன. கூடத்துக்கு வந்தபோது, துணி தைக்கக் கொடுக்க வந்தவர்களின் செருப்பை எல்லாம் மோந்து பார்த்தார். இருபதாம் நாள் வட்டத்தின் விளிம்பு வாசல்படியைத் தொட்டது. மறுநாள் காலை போர்வையை இன்னும் ஒரு சாண் இழுத்துவிட்டால் போதும், தெருவும் வட்டத்துக்குள் வந்துவிடும். அக்கா வருவதும் மறுநாள்தான்.

காலையில் வாண்டு எழுந்து ஓடி வந்தாள். போர்வையைக் காணோம்!

பின்பக்கத்தில் அப்பா சட்டைக் கையை மடித்துவிட்டு நின்றிருந்தார். கொடியில் போர்வை சொட்டச் சொட்டத் தொங்கியது.

"அப்பா! என்னப்பா பண்ணீங்க?"

"ஒரே நாத்தம் அடிச்சுது. பெரியவரை அழுக்குல போட்டிருக்கோம்னு அந்த அக்கா எழுதிட்டாங்கன்னா? அதான் ரெண்டு தடவை அலசினேன்" என்றார் அப்பா பெருமையாக. வாண்டுவின் முகத்தைப் பார்த்ததும் அவர் முகம் தொங்கிப்போனது. "ஐயையோ!"

கூடத்தில் பெரியவர் நடுங்கிக்கொண்டு நின்றார். ஈரப் போர்வையைக் கொண்டுவந்து போட்டார்கள். சோப்பு வாசனையில் இரண்டு தும்மல் போட்டுவிட்டு விலகிப் போனார். அம்மா புதுப் போர்வையை விரித்தார். அதை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

வெளியே வண்டி வந்து நிற்கும் சத்தம் கேட்டது. அக்கா!

வாண்டு போர்வை இருந்த இடத்திலேயே தொப்பென்று தரையில் உட்கார்ந்தாள். "போயிடாதீங்க பெரியவரே" என்று முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

பெரியவர் மெல்ல வந்தார். அவளை ஒரு சுற்று சுற்றினார். அப்புறம் அவள் கால்மேல் தன் முழு எடையையும் போட்டுச் சாய்ந்து படுத்து, பெருமூச்சு விட்டார். நடுக்கம் நின்றுவிட்டது.

வாண்டு தலையைத் தூக்கினாள். மெதுவாக எழுந்தாள். பெரியவரும் எழுந்தார். அவள் ஓர் அடி வைத்தாள். அவரும் வைத்தார்.

"அம்மா, போர்வை வேணாம். நானே போதும் போல" என்று கிசுகிசுத்தாள்.

திரும்பிப் பார்க்காமல் படியைத் தாண்டித் தெருவில் இறங்கினாள். பின்னால் சத்தமே இல்லை. அப்புறம் நகங்கள் தரையில் தட்டும் சத்தம், டக், டக், டக். பெரியவர் அவளை ஒட்டி வந்து நின்று, தெருவை மேலும் கீழும் பார்த்தார். நேராக விளக்குக் கம்பத்துக்குப் போய்ப் பின்னங்காலைத் தூக்கினார்.

அது வெகுநேரம் நடந்தது.

"அப்பாடா!" என்று இடுப்பைப் பிடித்துக்கொண்டார் அப்பா. "இனிமே எனக்கு அந்த வேலை இல்ல."

அக்கா சிரிப்பை அடக்கிக்கொண்டு காகிதத்தில் கையெழுத்துப் போட்டார். "இவரு இனிமே உங்க வீட்டுக்காரரு. உள்ள கூட்டிட்டுப் போங்க."

"இருங்கக்கா" என்றாள் வாண்டு. "இப்பத்தான வந்திருக்காரு. ஆசை தீரப் பாக்கட்டும்."

தெருக்கோடி வரை போய், ஒரு கம்பம் விடாமல் நலம் விசாரித்த பிறகுதான் பெரியவர் வீடு திரும்பினார். நடந்தே.