இரண்டு தட்டு, ஓர் ஊதல்

பூட்டு முரண்டு பிடித்தது. மழையில் ஊறிப் பருத்திருந்த கதவை இன்ஜினியர் தோளால் முட்டித் திறந்ததும், அடைந்து கிடந்த வீட்டின் வாடை முகத்தில் அடித்தது. ஈரச் சுவர், எலிப் புழுக்கை, அதற்கும் அடியில் மெலிதாகக் குழந்தைப் பவுடர்.

"மாமா, நீங்க முன்னாடி போங்க," என்றான் மச்சினன்.

"ஏன், உங்க அக்கா இருந்த வீடுதானே?"

மச்சினன் செருப்பைக் கழற்றுவதா வேண்டாமா என்று வாசலில் கொஞ்சம் தவித்தான். கடைசியில் கழற்றவில்லை. ஓட வேண்டி வந்தால் வசதியாக இருக்கட்டும் என்று நினைத்திருப்பான்.

கைபேசி விற்கும் கடையில் வேலை பார்க்கிறவன். நாள் முழுக்கக் கருவிகளோடு புழங்கிவிட்டு வீட்டுக்குப் போய் ஆவிக்குப் பயப்படுகிறான். இன்ஜினியருக்குச் சிரிப்பு வரவில்லை. சிரிப்பு வருவது நின்று போய் ஒன்றரை வருடம் ஆகிறது.

மனைவி இறந்தபோது மகளுக்குத் தவழக்கூடத் தெரியாது. "கொஞ்ச நாள் எங்கிட்ட இருக்கட்டும்" என்று மாமியார் தூக்கிக்கொண்டு போனாள். இன்ஜினியரும் இந்த வீட்டைப் பூட்டிவிட்டு வாடகை அறைக்குப் போய்விட்டான். இப்போது குழந்தை நடக்கிறாள், ஓடுகிறாள், அவனைப் பார்த்தால் பாட்டியின் முந்தானைக்குப் பின்னால் ஒளிகிறாள். மகளைத் திருப்பிக் கேட்டான். மாமியார் ஒரே பிடியாக நின்றாள். துணிமணி எடுக்க வந்த அன்று, சமையலறை ஸ்பீக்கரில் செத்துப்போன தன் மகளின் சத்தத்தைக் கேட்டாளாம்.

"அவ இன்னும் அங்கதான் இருக்கா மாப்பிள்ளை. குழந்தையை அங்க விட்டா, கூட்டிட்டுப் போயிடுவா."

இதற்கெல்லாம் பதில் சொல்ல வாயைத் திறப்பதே கேவலம். ஆனால் குழந்தை அவள் கையில் இருக்கிறது. அந்தச் சத்தம் வெறும் மின்சாரம் என்று அளந்து காட்டத்தான் பையில் இந்த ஸ்கோப்.

தொழிற்சாலையில் இன்ஜினியர் தினமும் தொடுகிற ஆஸிலோஸ்கோப், மின்சாரத்தின் நெளிவை அலையாகத் திரையில் வரைந்து காட்டும் கருவி, மேசையை விட்டு நகராது. சுவரில் செருகினால்தான் உயிர் வரும். அவனுக்குப் பேட்டரியில் ஓடுகிற, பையில் போட்டுக்கொள்கிற மாதிரி மலிவாக ஒன்று வேண்டியிருந்தது. பெட்டியைப் பிரித்து "ஆஹா" என்று கூவுகிற வீடியோக்காரர்களைப் பார்த்தான். ஒருத்தனாவது கருவியின் வயர் நுனியில் இருக்கும் முள்ளை எதிலாவது வைத்து அளந்து காட்டியிருந்தால் சரி. கடைக்காரன் வேறு விதம்.

"சார், நூறு மெகாஹெர்ட்ஸ் சார்!"

"பெட்டியில அச்சடிச்சிருக்கு. உள்ள இருக்கா?"

"மீட்டர், ஸ்கோப், சிக்னல் ஜெனரேட்டர், மூணும் ஒண்ணுலயே சார்."

"மூணையும் அரைகுறையா செய்யும்னு சொல்லுங்க."

அந்த மெகாஹெர்ட்ஸ் வேகமெல்லாம் இன்ஜினியருக்குத் தேவையில்லை. வீட்டு மின்சாரம் மந்தமான அலை, எந்தப் பொம்மையும் பிடித்துவிடும். பேட்டரி நிற்க வேண்டும், திரை கண்ணுக்குத் தெரிய வேண்டும், ஒருமுறை வந்து போகிற அலையைப் பிடித்து நிறுத்திவைக்கத் தெரிய வேண்டும். மூன்றும் இருந்ததில் விலை குறைந்ததை எடுத்தான்.

இப்போது அந்தச் சமையலறையில் விளக்கைப் போட்டான். அலமாரியின் மேல் அவன் கையால் செய்த ஸ்பீக்கர் பெட்டி. மாடியில் தொட்டிலுக்கு மேலே சின்ன ஸ்பீக்கர் ஒன்றையே மைக்காக மாட்டி, அங்கிருந்து வயர் இழுத்து இந்தப் பெட்டியில் கொடுத்திருந்தான், குழந்தை சிணுங்கினால் கீழே கேட்கட்டும் என்று. தினமும் குழந்தையைத் தூங்கவைத்ததும் மனைவி அந்த மைக்கை நகத்தால் இரண்டு தட்டுத் தட்டி ஓர் ஊது ஊதுவாள். டொக், டொக், ஃபூ. வேலை செய்கிறதா என்று பார்க்கிறாளாம்.

"மேடைப் பேச்சாளி தோத்தான் போ," என்பான் அவன். மாடியிலிருந்து அவள் இன்னொரு தடவை ஊதுவாள்.

பெட்டியை முடுக்கினான். ஸ்பீக்கர் கனமாக முனகியது. மச்சினன் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டான்.

இன்ஜினியர் மாடியிலிருந்து வரும் வயரில் முள்ளைக் கோத்தான். திரையில் ஒரே சீரான அலை எழுந்தது.

"பாத்தியா? நொடிக்கு அம்பது தடவை. வீட்டு வயர் பக்கத்துல இந்த வயர் ஓடுது, அதான் முனகுது. உங்க அம்மா கேட்ட ஆவி இதுதான். இதுக்கு நான் மாசாமாசம் பில் கட்டறேன்."

மெயின் சுவிட்சை இறக்கினான். விளக்கு போனது, முனகல் போனது. இருட்டில் ஸ்கோப்பின் திரை மட்டும் பச்சையாக ஒளிர்ந்தது. அதில் நேரான ஒரு கோடு.

"அவ்வளவுதான். ஒண்ணும் இல்ல."

மச்சினன் கைபேசியில் அதை வீடியோ எடுத்தான். அவன் மூச்சு விடுவது அப்போதுதான் கேட்டது. "அம்மாகிட்ட இதைக் காட்டினாப் போதும் மாமா. இன்னிக்கே பாப்பாவைக் கூட்டிட்டு வந்துடலாம்."

முள்ளைக் கழற்றப் போனபோதுதான் இன்ஜினியரின் விரலில் அது தட்டுப்பட்டது. முள்ளின் பிடியில் இருக்கும் குட்டி சுவிட்ச். பத்தில் கிடந்தது. கருவியோ ஒன்றில் இருந்தது. வருகிற அலையைப் பத்தில் ஒரு பங்காகச் சுருக்கித்தான் இவ்வளவு நேரமும் பார்த்திருக்கிறான். சின்ன அலை எதுவும் திரையில் தெரிந்தே இருக்காது. இதே தப்புக்காகப் புதிதாக வேலைக்குச் சேருகிறவர்களை எத்தனை பேர் முன்னால் காறித் துப்பாத குறையாகத் திட்டியிருக்கிறான்.

மச்சினனுக்கு இதெல்லாம் தெரியாது. அப்படியே சுருட்டிப் பையில் போட்டிருக்கலாம்.

அரைகுறை வேலை அவனுக்குப் பிடிக்காது. சுவிட்சை ஒன்றுக்குத் தள்ளினான்.

கோடு நேராக இல்லை.

ஒரு குத்து. இன்னொரு குத்து. பிறகு மெல்ல வீங்கி அடங்கும் ஒரு மேடு.

மறுபடியும் கோடு.

பிறகு, குத்து, குத்து, மேடு.

"மாமா," என்றான் மச்சினன். "மெயின் ஆஃப்தானே?"

"ஆஃப்தான்."

"அப்ப இது எங்கிருந்து வருது?"

"மேல இருக்கிற மைக்குக்குக் கரண்ட் வேண்டாம். அது அசைஞ்சாலே போதும், சிக்னல் வரும்."

"யாரு அசைக்கறா?"

"எலி."

"எலி தட்டும் மாமா. சரி. அந்த மூணாவது என்ன?"

திரையில் எழுந்து அடங்கிய அந்த மேட்டை இன்ஜினியருக்குத் தெரியும். மைக்கைப் பொருத்துவதற்கு முன் தொழிற்சாலைக்குக் கொண்டுபோய், மனைவியையும் கூட்டிப்போய்ப் பெரிய ஸ்கோப்பில் ஊதவைத்துக் காட்டியிருக்கிறான். "என் மூச்சு இவ்வளவு அழகா!" என்றாள் அவள்.

"நீ இங்கயே நின்னு திரையைப் பாரு. வந்தா குரல் கொடு. நான் போய் அந்த எலியைப் பிடிக்கறேன்."

படி ஏற ஏறப் பவுடர் வாசனை கூடியது. திறந்த டப்பாவை யாரோ இப்போதுதான் மூடி வைத்தது போல.

அறையில் ஜன்னல்கள் சாத்தியிருந்தன. கைபேசி வெளிச்சத்தில் தொட்டில் தெரிந்தது. அதன் கம்பியில், தரையில், எங்கும் விரல் கனத்துக்குத் தூசி. அதில் ஒரு கால் தடமும் இல்லை. எலியுடையது உட்பட.

மைக்கின் நடுவில் மட்டும் தூசி இல்லை. ஊதித் துடைத்த மாதிரி வட்டமாக, சுத்தமாக இருந்தது.

"இப்ப வருதா?" என்று கீழே பார்த்துக் கத்தினான்.

"இல்ல மாமா... இருங்க..."

அவன் கண் முன்னால் அந்தக் காகிதக் கூம்பு உள்ளே அமுங்கியது.

மறுபடி அமுங்கியது.

அவன் புறங்கை மயிர் சில்லென்று ஒரு பக்கமாகச் சாய்ந்தது.

"வருது மாமா!"

வயரைப் பிடித்து இழுத்தான். ஆணியோடு பிய்ந்து வந்தது.

"நின்னுடுச்சு! மாமா, நின்னுடுச்சு!"

கீழே வந்தபோது மச்சினன் அவன் முகத்தையே பார்த்தான்.

"எலிதான்," என்றான் இன்ஜினியர். "பெருசு. கண்ணால பாத்தேன்."

மாமியார் வீட்டில் எல்லா விளக்குகளும் எரிந்துகொண்டிருந்தன. மகன் எடுத்த வீடியோவை இரண்டு முறை ஓட்டிப் பார்த்தாள்.

"இந்தக் கோட்டைப் பாத்து நான் என்ன தெரிஞ்சுக்கறது?"

"ஒண்ணும் இல்லன்னு தெரிஞ்சுக்கணும்," என்றான் அவன். "கரண்ட் சத்தம். அப்புறம் ஒரு எலி. இதுக்குத்தான் ஒன்றரை வருஷம் குழந்தையைப் பிடிச்சு வச்சிருந்தீங்க."

"ஆமாம்மா, எலிதான். மாமா பாத்தாரு," என்றான் மச்சினன், தரையைப் பார்த்து.

மாமியார் கைபேசியை மகனிடம் திருப்பிக் கொடுத்தாள். முதல் தடவையாக அவளுக்குச் சண்டை போடத் தெம்பில்லை போலிருந்தது.

"சரி. உங்க பொண்ணு. கூட்டிட்டுப் போங்க. அவ துணியை எடுத்து வைக்கறேன்."

ஜெயித்துவிட்டான். அந்த வீடு வேண்டாம், வேறு வீடு பார்க்கலாம். அந்த மைக், அந்தத் தொட்டில், எல்லாவற்றையும் பழைய சாமான்காரனுக்குத் தள்ளிவிடலாம். எது இருந்தாலும் அங்கேதானே இருக்கிறது.

குழந்தை அவன் பையைக் கிளறி ஸ்கோப்பை வெளியே இழுத்துப்போட்டாள். அவசரத்தில் அணைக்காமல் வந்திருந்தான். திரையில் குத்து, குத்து, மேடு, உறைந்து நின்றது. பொத்தானை அமுக்கி அழித்தான். கோடு நேரானது. அடுத்த அலை வந்தால் பிடித்து நிறுத்த, கருவி காத்திருந்தது. வயர் சுருட்டியபடியே கிடந்தது. முள் எதிலும் கோக்கப்படவில்லை. குழந்தையின் கைகள் இரண்டும் அவள் மடியில் இருந்தன.

திரையில் ஒரு குத்து எழுந்தது.

இன்னொன்று.

குழந்தையின் நெற்றி முடி மெல்ல மேலெழுந்து அடங்கியது. யாரோ ஊதியது போல.

குழந்தை கிளுகிளுவென்று சிரித்தாள். அவனைத் தாண்டி, அவன் தோளுக்குப் பின்னால் அண்ணாந்து பார்த்து, தூக்கிக்கொள்ளச் சொல்லி இரண்டு கைகளையும் நீட்டினாள்.